பணமா, பாயிண்டா: டிக்கெட் எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

விமான டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். இந்தப் பக்கம் தள்ளினால் விலை பணத்தில் தெரியும், அந்தப் பக்கம் தள்ளினால் பாயிண்டில் தெரியும். பாயிண்ட் என்பது கார்டில் செலவழித்தும், விமானத்தில் பறந்தும், ஹோட்டலில் தங்கியும் அந்தந்த நிறுவனத்தின் திட்டத்தில் நாம் சேர்ப்பது. புதிதாகப் பாயிண்ட் சேர்த்தவர்கள் அந்த இடத்தில் இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். "சும்மா வந்ததுதானே" என்று இருக்கிற பாயிண்டையெல்லாம் கொட்டிவிடுவது ஒன்று. "பெரிய பயணத்துக்கு ஆகும்" என்று தொடாமலே பூட்டி வைத்து, ஒருநாள் கணக்கைத் திறந்தால் பாதி காலாவதியாகிக் கிடப்பது இன்னொன்று. நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

பாயிண்ட் சும்மா வந்தது இல்லை. அதே செலவை, ஒரு பங்கைப் பணமாகவே திருப்பித் தரும் கேஷ்பேக் கார்டில் செய்திருந்தால் கைக்குப் பணம் வந்திருக்கும். அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்துத்தான் பாயிண்டை வாங்கியிருக்கிறீர்கள். ஆக, அதுவும் உங்கள் பணம்தான். என்ன, வட்டி போடாத பணம். அச்சடிக்கும் கம்பெனி நினைத்த அன்றைக்கு மதிப்பைக் குறைக்கக்கூடிய பணம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான்.

முதல் படி: கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளோ, போனில் ஒரு குறிப்போ போதும். எந்தத் திட்டம், எத்தனை பாயிண்ட், எப்போது காலாவதி. மூன்று விவரம். இதை எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் காலாவதி விதி ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. விமான நிறுவனங்கள் தங்கள் பாயிண்டை மைல் என்பார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் திட்டமான கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் ஆயுள். நீங்கள் நடுவில் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைல் பழைய தேதியில் போய்விடும். ஜப்பானின் ஏ.என்.ஏ., ஜப்பான் ஏர்லைன்ஸ் இரண்டிலும் 36 மாதக் கணக்குதான். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் கதை வேறு: 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் போகும், இடையில் கொஞ்சம் சேர்த்தாலோ செலவழித்தாலோ கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். டெல்டா, யுனைடெட் மைல்களுக்குக் காலாவதியே கிடையாது.

எழுதும்போது இன்னொரு பிரிவினையும் செய்துவிடுங்கள். ஒரே விமான நிறுவனத்தில் அல்லது ஒரே ஹோட்டல் குழுமத்தில் மாட்டிக்கொண்ட பாயிண்ட் ஒரு பக்கம். வங்கி கார்டில் இருக்கும், எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய பாயிண்ட் இன்னொரு பக்கம். இரண்டாவது வகைதான் மதிப்பு கூடியது. கடைசி வரை கை வைக்காமல் காப்பாற்ற வேண்டியதும் அதுதான்.

இரண்டாவது படி: உங்கள் பாயிண்டுக்கு ஒரு அடிவிலை வையுங்கள்

வீட்டுப் பழைய சாமானை விற்கும்போது, "இதுக்குக் கீழே தரமாட்டேன்" என்று ஒரு விலை மனதில் வைத்துக்கொள்வோம் இல்லையா, அதே மாதிரி. இந்த மதிப்புக்குக் கீழே என் பாயிண்டைக் கொடுக்க மாட்டேன் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு எண்.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? வங்கி பாயிண்டுக்குச் சுலபம். கார்டு கணக்கில் பணமாக வரவு வைத்தால் ஒரு பாயிண்டுக்கு என்ன தருவார்கள் என்று பாருங்கள். எந்த முயற்சியும் இல்லாமல் கிடைக்கிற மதிப்பு அது. அதற்கும் கீழே போனால் நேரான நஷ்டம். உங்கள் அடிவிலை அதைவிடக் கொஞ்சமாவது மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பணமாகவே வாங்கிக்கொள்ளலாம். விமான மைலுக்கும் ஹோட்டல் பாயிண்டுக்கும் அப்படிப் பணவிலை இருக்காது. அங்கே நீங்கள் உண்மையிலேயே போக நினைக்கிற நாலைந்து பயணங்களை எடுத்து, பணவிலை, பாயிண்ட் விலை இரண்டையும் பார்த்து, சராசரி எடுங்கள். அரை மணி நேர வேலை. இணையத்தில் யாரோ ஒருவர் போட்ட மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்வதை விட இது நல்லது. அவர் போகிற ஊரும் நீங்கள் போகிற ஊரும் ஒன்றல்ல.

ஒரு திட்டத்தின் எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஹில்டனில் தங்கினால் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலருக்கு 10 பாயிண்ட், ஹயாட்டில் 5. சேருவது வேகம் என்றால் செலவாவதும் வேகம்; ஹில்டனில் ஓர் இரவுக்குக் கேட்கும் எண்ணிக்கையைப் பார்த்து ஹயாட்காரர் மயங்கி விழுந்துவிடுவார். எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை. ஒரு பாயிண்டுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் பேச்சு.

மூன்றாவது படி: கணக்கு

சூத்திரம் இதுதான். பணத்தில் டிக்கெட் விலை எவ்வளவோ, அதிலிருந்து பாயிண்ட் டிக்கெட்டிலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி, கட்டணத்தைக் கழியுங்கள். மீதியைப் பாயிண்ட் எண்ணிக்கையால் வகுங்கள்.

கீழே வரும் எண்களை எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தில் விலை 30,000. பாயிண்டில் எடுத்தால் 25,000 பாயிண்டும் 4,000 வரியும். 30,000-இல் 4,000 போக 26,000. அதை 25,000-ஆல் வகுத்தால் ஒரு பாயிண்டுக்கு 1.04. உங்கள் அடிவிலை 1 என்றால் தேறிவிட்டது போலத் தெரியும்.

கொஞ்சம் பொறுங்கள். பணம் கொடுத்து எடுத்த டிக்கெட்டுக்கு மைல் சேரும், கார்டிலும் பாயிண்ட் விழும். பாயிண்டில் எடுத்தால் பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்த வரவு 1,500 பாயிண்ட் என்று வைப்போம். அப்படியானால் இந்தப் பயணத்துக்கு நீங்கள் உண்மையில் கொடுப்பது 25,000 அல்ல, 26,500. இப்போது வகுத்தால் 0.98. தேறியது தோற்றுவிட்டது! இவ்வளவு நூலிழையில் இருந்தால் நான் தலையைப் பிய்த்துக்கொள்ள மாட்டேன், வேறு காரணங்களைப் பார்த்து முடிவு செய்வேன். ஆனால் இந்த விட்டுப்போகும் வரவைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அடிக்கடி பறந்து அந்த நிறுவனத்தில் உயர்நிலை உறுப்பினராக ஆகியிருந்தால் வரவு இன்னும் பெரிதாக இருக்கும், கணக்கு இன்னும் மாறும்.

பணவிலையை எடுக்கும்போது நேர்மையாக எடுங்கள். பெரும்பாலோர் இங்கேதான் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். பாயிண்ட் டிக்கெட் கிடைக்கிற அதே விமானத்தின் பணவிலை 50,000 ஆக இருக்கலாம். ஆனால் இரண்டு மணி நேரம் கழித்துப் புறப்படும் இன்னொரு விமானம் 32,000-க்குக் கிடைக்கிறது, பாயிண்ட் என்ற ஒன்றே இல்லாவிட்டால் நீங்கள் அதைத்தான் எடுத்திருப்பீர்கள் என்றால், கணக்கில் வர வேண்டியது 32,000. அப்புறம் பெட்டி. பணத்தில் மிகக் குறைந்த விலை டிக்கெட்டில் பெட்டிக்கும் இருக்கைத் தேர்வுக்கும் தனிக்காசு கேட்பார்கள். பாயிண்ட் டிக்கெட்டில் அது சேர்ந்தே வரலாம். அப்படியென்றால் அந்தக் காசைப் பணவிலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். இது பாயிண்டுக்குச் சாதகமாகப் போகும் இடம், விட்டுவிடாதீர்கள்.

வரி என்ற பெயரில் வருவது

"40,000 மைலுக்குக் கடல் கடந்து போகலாம்" என்று தலைப்பில் இருக்கும். கடைசிப் பக்கத்துக்குப் போனால் வரியும் கட்டணமும் 28,000 என்று நிற்கும். பணத்தில் அந்த டிக்கெட் 60,000 என்றால் நீங்கள் மிச்சம் பிடிப்பது 32,000 மட்டும். ஒரு மைலுக்கு 0.80. இலவச டிக்கெட் என்று நினைத்துக்கொண்டு பாதி விலையைக் கையிலிருந்தும் கட்டுகிறீர்கள்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, அரசும் விமான நிலையமும் வசூலிப்பது. பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிகளுக்கான வரி பாயிண்ட் டிக்கெட்டுக்கும் உண்டு, தப்ப வழியில்லை. இன்னொன்று, விமான நிறுவனமே போடும் கூடுதல் கட்டணம். எரிபொருள் பெயரைச் சொல்லிப் பிறந்தது, இப்போது பல இடங்களில் வேறு பெயரில் ஓடுகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், எமிரேட்ஸ் போன்றவற்றில் நீண்ட தூரப் பயணத்துக்கு இது கனமாகவே இருக்கும். ஜப்பானிய நிறுவனங்கள் எரிபொருள் விலையைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தொகையை மாற்றும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே விமானத்தின் ஒரே இருக்கையை வேறு வேறு திட்டங்களின் மைலால் வாங்கலாம், விமான நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று இருக்கை தரும் கூட்டணி என்று ஒன்று இருப்பதால். லுஃப்தான்சா விமானத்தை அதன் சொந்தத் திட்டமான மைல்ஸ் அண்ட் மோர் வழியாக எடுத்தால் கூடுதல் கட்டணம் சேரும். லுஃப்தான்சா இருக்கும் ஸ்டார் அலயன்ஸ் கூட்டணியிலேயே இருக்கும் ஏர் கனடாவின் திட்டமான ஏரோபிளான் 2020 நவம்பரில் தன் விதிகளை மாற்றியமைத்தபோது அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. பங்காளி விமானத்துக்கு ஒரு சின்னப் பதிவுக் கட்டணம் மட்டும் உண்டு. யுனைடெட் மைலால் எடுத்தாலும் அந்தக் கனமான தொகை வராது. இருக்கை அதேதான், சாப்பாடு அதேதான், வாசல் வேறு. வங்கி பாயிண்டை மாற்றாமல் வைத்திருங்கள் என்று முதல் படியில் சொன்னது இதற்காகத்தான். எந்த வாசல் மலிவு என்று பார்த்துவிட்டு அப்புறம் நுழையலாம்.

பாயிண்ட் விலை ஏன் ஒரு நிலையில் நிற்பதில்லை

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1-ஆம் தேதி தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் பின்னால் வந்தது. பிறகு நீண்ட காலம், இந்தப் பகுதியிலிருந்து அந்தப் பகுதிக்கு இத்தனை மைல் என்று அச்சடித்த அட்டவணை இருந்தது. பணத்தில் விலை எவ்வளவு ஏறினாலும் மைல் விலை அதேதான். அந்தக் காலத்து அட்டவணைகளைப் பற்றி மூத்த பயணிகள் பேசுவதைக் கேட்டால் பழைய தங்க விலையைக் கேட்பது மாதிரி இருக்கும்.

அந்தக் காலம் போய்விட்டது. அமெரிக்க விமான நிறுவனமான சவுத்வெஸ்ட் 2011-இல் பாயிண்ட் விலையை டிக்கெட் விலையோடு கட்டியது. டெல்டா 2015-இல் அட்டவணையைக் கைவிட்டது, யுனைடெட் 2019 நவம்பரில், ஹோட்டல் குழுமமான மேரியட் 2022 மார்ச்சில், விர்ஜின் அட்லாண்டிக் 2024 அக்டோபரில். ஒரே திசையில்தான் காற்று அடிக்கிறது.

புதியவருக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பாயிண்ட் விலை பணவிலையோடு கட்டப்பட்ட திட்டங்களில் ஒரு பாயிண்டின் மதிப்பு ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். அங்கே பெரிய வேட்டை எதுவும் கிடையாது, மூளையைக் கசக்கத் தேவையும் இல்லை. வேண்டும்போது செலவு செய்யுங்கள். இன்னும் அட்டவணை வைத்திருக்கும் திட்டங்களிலும், கூட்டணிப் பங்காளி விமானங்களிலும்தான் வித்தியாசம் பெரிதாக வரும். விடுமுறைக் காலம், ஊரே கிளம்பும் வாரம், கடைசி நிமிட அவசரப் பயணம் என்று பணவிலை இரண்டு மூன்று மடங்காக ஏறும் நாட்களில், அட்டவணை விலையில் ஓர் இருக்கை மாட்டினால் அள்ளிக்கொள்ளுங்கள். மாறாக, தள்ளுபடிக் காலத்தில் பணவிலை தரைமட்டத்தில் இருக்கும்போது பாயிண்டைத் தொடாதீர்கள். மலிவு டிக்கெட்டுக்குப் பணம், விலை எகிறிய டிக்கெட்டுக்குப் பாயிண்ட். எதையும் கணக்குப் போட நேரமில்லாத அன்றைக்கு இந்த ஒரு வரியை வைத்து ஓட்டலாம், பெரும்பாலும் தப்பாது.

ஆனால் விலை எகிறிய நாளில் இருக்கை கிடைக்க வேண்டுமே! பாயிண்டுக்கான இருக்கைகள் இரண்டு சமயம் வெளிவரும்: கால அட்டவணை திறக்கும்போது, அல்லது புறப்பட சில நாட்களே இருக்கும்போது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 355 நாட்களுக்கு முன்பு திறக்கும், யுனைடெட் 337, அமெரிக்கன் 331. ஒருவர் இருவர் என்றால் கடைசி நேரத்திலும் வாய்ப்பு உண்டு. குடும்பமாக நாலு பேர் என்றால் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்னாடியே உட்கார வேண்டும், அல்லது இரண்டு பேருக்குப் பாயிண்ட், இரண்டு பேருக்குப் பணம் என்று பிரிக்க வேண்டும். பிரித்தால் இரண்டு தனித்தனிப் பதிவுகள் ஆகிவிடும். ஒரு விமானம் ரத்தானால் ஆளுக்கொரு நேரத்தில் அனுப்பிவிடுவார்கள். குழந்தைகளை எந்தப் பதிவில் சேர்ப்பது என்று யோசித்துச் செய்யுங்கள், விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டையும் இணைத்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

பிசினஸ் கிளாஸ் என்ற மயக்கம்

பாயிண்ட் பேசுபவர்கள் எல்லோரும் கடைசியில் படுக்கையாக விரியும் இருக்கையில் வந்து நிற்பார்கள். காரணம் கணக்கு. பணத்தில் 2,40,000, பாயிண்டில் 90,000-மும் வரி 6,000-மும். வகுத்தால் 2.6. அடிவிலையைப் போல இரண்டரை மடங்கு! கை தானாகப் பொத்தானை நோக்கிப் போகும்.

இந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி: பாயிண்ட் இல்லாவிட்டால் இந்த இருக்கைக்கு 2,40,000 கொடுத்திருப்பீர்களா? நான் கொடுத்திருக்க மாட்டேன். எகானமி 70,000-க்குக் கிடைக்கும்போது, இரவு படுத்துத் தூங்கிப் போக மனசார எவ்வளவு தருவேன் என்று கேட்டுக்கொண்டால், மிஞ்சிப் போனால் 1,00,000. அப்போது கணக்கு இப்படி மாறும்: 1,00,000-இல் 6,000 போக 94,000, 90,000-ஆல் வகுத்தால் 1.04. பரவாயில்லை, எடுக்கலாம், ஆனால் வானத்திலிருந்து விழுந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே 90,000 பாயிண்டில் குடும்பமே எகானமியில் ஒரு சின்ன பயணம் போய்வர முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வாழ்க்கையில் ஒருமுறை அந்த இருக்கையில் போக வேண்டும் என்ற ஆசைக்குக் கணக்கு எதற்கு என்கிறார்கள். நியாயம்தான். ஆசைக்காகப் போங்கள், சந்தோஷமாகப் போங்கள். 2.6 கிடைத்தது என்று மட்டும் வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஹோட்டலில்

ஹோட்டல் கணக்கும் இதேதான், இரண்டு விஷயம் கூடுதலாக உண்டு. முதலாவது, பணவிலையாகத் திரையில் பெரிய எழுத்தில் தெரிவதை எடுக்காதீர்கள். வரியும், சில ஹோட்டல்கள் அறை வாடகைக்கு மேல் தினமும் கேட்கும் ரிசார்ட் கட்டணமும் சேர்ந்த கடைசித் தொகையை எடுங்கள். பாயிண்டில் மட்டும் பதிவு செய்தால் ஹில்டனிலும் ஹயாட்டிலும் ரிசார்ட் கட்டணம் கிடையாது. மேரியட்டில் பாயிண்டில் தங்கினாலும் வாங்குவார்கள். பார்க்கச் சின்ன வித்தியாசம், நாலு இரவு தங்கினால் கையைக் கடிக்கும்.

இரண்டாவது, ஐந்தாவது இரவு. மேரியட்டில் பாயிண்டால் தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால் நாலுக்குத்தான் கணக்கு. ஹில்டனிலும் அது உண்டு, ஆனால் சில்வர் நிலையிலோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு மட்டும். இரவுக்கு 15,000 பணம் அல்லது 20,000 பாயிண்ட் கேட்கும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு இரவு என்றால் பாயிண்டுக்கு 0.75. ஐந்து இரவு என்றால் 75,000 பணத்துக்குப் பதில் 80,000 பாயிண்ட், 0.94. ஒரே அறை, ஒரே விலை, ஓர் இரவு கூடியதில் கணக்கு இவ்வளவு நகர்ந்துவிட்டது. அதற்காக நாலு நாள் வேலைக்குப் போனவர் ஐந்தாவது நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

உயர்நிலை உறுப்பினர் ஆக இரவு எண்ணிக்கை சேர்ப்பவராக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஹில்டன், ஹயாட், மேரியட் மூன்றிலும் பாயிண்டில் தங்கிய இரவும் எண்ணிக்கையில் சேரும். விமானத்தில் அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது.

திட்டம் உறுதியில்லை என்றால்

போவோமா மாட்டோமா என்று தெரியாத பயணத்துக்குப் பாயிண்ட் பெரும்பாலும் நல்லது. பணத்தில் எடுத்த மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் திரும்பாது. பாயிண்ட் டிக்கெட்டை யுனைடெட்டிலும் அமெரிக்கனிலும் புறப்படுவதற்கு முன்பு ரத்து செய்தால் மைலைக் கட்டணமில்லாமல் திருப்பி வைத்துவிடுவார்கள், வரியும் வந்துவிடும். வேறு பல திட்டங்களில் ஒரு சின்னக் கட்டணம் பிடிப்பார்கள். இந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு. கணக்கு அடிவிலைக்குக் கொஞ்சம் கீழே விழுந்தாலும் நான் இதற்காகவே பாயிண்டில் எடுத்திருக்கிறேன்.

விதிவிலக்கு உண்டு. கிரிஸ்ஃப்ளையர் மாதாமாதம் சில வழித்தடங்களைக் குறைந்த மைலுக்குத் தரும். அந்தச் சலுகை டிக்கெட்டை மாற்றவும் முடியாது, திருப்பவும் முடியாது. ஏர் பிரான்ஸும் கே.எல்.எம்மும் நடத்தும் ஃப்ளையிங் ப்ளூவிலும் மாதாந்திரச் சலுகை வரும். சலுகை டிக்கெட் என்றால் ரத்து விதியை முதலில் படியுங்கள், விலையை அப்புறம் பாருங்கள்.

வங்கி பாயிண்டை மாற்றுவது கடைசிப் படி

வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்குப் பாயிண்டை அனுப்பினால் அனுப்பியதுதான். திரும்ப வராது. எந்தத் திட்டத்திலும் இதுதான் பொதுவிதி.

எனக்கு இது புரிந்தது ஒரு ராத்திரியில். பதினோரு மணிக்கு மேல், ஒரு பக்கத்தில் இரண்டு இருக்கைகள் பச்சையாகத் தெரிந்தன. பதற்றத்தில் வங்கிக் கணக்கைத் திறந்து 60,000 பாயிண்டை அனுப்பினேன். உடனே வந்துவிடும் என்று நினைத்தேன். "செயல்பாட்டில் உள்ளது" என்று ஒரு வரி மட்டும் வந்தது. மறுநாளும் அதே வரி. மூன்றாம் நாள் காலையில் மைல் வந்து சேர்ந்தது, இருக்கைகள் போயிருந்தன. அந்த மாதம் முழுக்கத் தினமும் காலையில் காபிக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிப் போனது. அந்த இருக்கைகள் திரும்ப வரவே இல்லை. மைல்கள் அந்தக் கணக்கிலேயே கிடந்தன, பிறகு அவசரமாக ஒரு சுமாரான பயணத்துக்கு 0.6 மதிப்பில் செலவழித்தேன், மீதி காலாவதியில் போனது.

இப்போது நான் செய்வது இது. முதலில் இருக்கை உண்மையிலேயே இருக்கிறதா என்று அந்த விமான நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலும் பங்காளி நிறுவனம் ஒன்றின் பக்கத்திலும் பார்ப்பேன். திரையில் மட்டும் இருந்து, கடைசிப் பொத்தானை அழுத்தும்போது மறையும் இருக்கைகள் நிறைய உண்டு. பயணிகள் பெயர் போட்டுப் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்தால் இந்தப் பேய் இருக்கைகளில் பாதி அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் அந்த வங்கியிலிருந்து அந்த நிறுவனத்துக்குப் பாயிண்ட் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று பார்ப்பேன். சிலவற்றுக்குச் சில நிமிடம், சிலவற்றுக்குச் சில நாள். நாள் கணக்கு என்றால், தொலைபேசியில் கூப்பிட்டு இருக்கையைப் பிடித்து வைக்க முடியுமா என்று கேட்பேன். சில நிறுவனங்கள் வைத்துத் தரும். வைக்க மாட்டோம் என்றால், இருக்கை போனாலும் அந்த மைல் எனக்கு வேறு எதற்காவது ஆகுமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஆகாது என்றால் அனுப்புவதில்லை.

கணக்கே தேவையில்லாத சமயங்கள்

காலாவதி நெருங்கிவிட்டதா? அடிவிலையை மறந்துவிடுங்கள். பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் எதுவும் லாபம்தான். பாயிண்ட் வைத்திருக்கும் நிறுவனம் தள்ளாடுகிறது என்று செய்தி வந்தாலும் இதே விதி. ஜெர்மனியின் ஏர் பெர்லின் விமான நிறுவனம் 2017 ஆகஸ்ட்டில் திவால் மனு கொடுத்தபோது அதன் டாப்போனஸ் திட்டமும் கூடவே விழுந்தது. சேர்த்து வைத்த மைலை ஒன்றும் செய்ய முடியாமல் உறுப்பினர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

கார்டில் பணம் கட்டினால் அந்தப் பாக்கி வட்டிக்குப் போகும் நிலை என்றால், பாயிண்ட்தான். 0.7 கிடைத்தாலும் சரி. கார்டு வட்டி தின்னும் வேகத்துக்கு எந்தப் பாயிண்டும் ஈடுகொடுக்காது. சொல்லப்போனால் ஏற்கெனவே பாக்கி ஓடிக்கொண்டிருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பாயிண்டைக் கார்டு வரவாக மாற்றிப் பாக்கியைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். பாயிண்ட்காரர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வேலைக்காகப் போகிறீர்கள், செலவை அலுவலகம் தரும் என்றால் பாயிண்டை எடுக்கவே கூடாது. பணத்தில் எடுங்கள், மைலும் உங்களுக்கே வரும். அதேபோல, கார்டில் பணம் கட்டினால்தான் அந்தக் கார்டின் பயணக் காப்பீடு செல்லும் என்று பல கார்டுகளில் விதி இருக்கிறது. பாயிண்ட் டிக்கெட்டில் வரியை மட்டும் அந்தக் கார்டில் கட்டினால் போதுமா என்பது கார்டுக்குக் கார்டு மாறும். நீண்ட பயணம், வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் இதை விசாரிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பாதி பணம், பாதி பாயிண்ட் என்று ஒரு வழியும் காட்டுவார்கள். அதையும் வகுத்துப் பாருங்கள். 10,000 பாயிண்ட் கொடுத்தால் விலையில் 6,000 குறையும் என்றால் மதிப்பு 0.6. பெரும்பாலும் இப்படிச் சுமாராகத்தான் இருக்கும். பாயிண்டை விலைக்கு வாங்குவதற்கும் இதே அளவுகோல்: உங்கள் அடிவிலையை விட மலிவாகக் கிடைக்க வேண்டும், எந்த இருக்கைக்கு என்று தெரிந்திருக்க வேண்டும், அந்த இருக்கை இப்போதே திரையில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

டிக்கெட் எடுத்த பிறகு

இதைப் பலர் செய்வதில்லை. கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய திட்டத்தில் எடுத்திருந்தால், பயணத் தேதி வரை இரண்டு மூன்று முறை அதே விமானத்தின் விலையைத் திரும்பப் பாருங்கள். பாயிண்ட் விலை குறைந்திருந்தால், முதலில் புதிய விலையில் இன்னொன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் பழையதை ரத்து செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள், பழையதை விட்ட நிமிடத்தில் புதியது காணாமல் போகும். இரண்டு பதிவுக்கும் கணக்கில் பாயிண்ட் போதாவிட்டால், அதே பதிவை மாற்றியமைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பணவிலை விழுந்து, கணக்கு அடிவிலைக்குக் கீழே போயிருந்தால் பணத்துக்கே மாறிவிடலாம்.

எந்தப் பயணத்துக்கு எத்தனை பாயிண்ட் கொடுத்தோம், ஒன்றுக்கு என்ன மதிப்பு கிடைத்தது என்று முதல் படியில் எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். ஏழெட்டு வரி சேர்ந்ததும் அதன் சராசரியை எடுங்கள். நான் முதல்முறை எடுத்தபோது, மனதில் 1.2 என்று வைத்துக்கொண்டிருந்த மைலுக்கு உண்மையில் 0.9 தான் கிடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அடிவிலையை அன்றைக்கே அடித்து எழுதினேன்.